சத்தில்லாத மண் கேட்கும் செடி: வாராட்டா வளர்ப்பின் பின்னணி

ஆஸ்திரேலியாவில் செப்டம்பர்தான் வசந்தத்தின் தொடக்கம். அது பிறந்தால் போதும், சிட்னி நர்சரிகள் வாராட்டாத் தொட்டிகளை வாசலுக்கே கொண்டுவந்து வைத்துவிடும். செடி முழங்கால் உயரம்கூட இருக்காது. ஆனால் உச்சியில் உள்ளங்கையை நிறைக்கும் அளவுக்கு ஒரு சிவப்புப் பூ. அதைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது கஷ்டம். வாங்கி வந்தவர்கள் தோட்டத்திலேயே நல்ல இடமாகப் பார்த்துக் குழி தோண்டுவார்கள், ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் போடுகிற அதே எருவை அள்ளிப் போடுவார்கள், தினமும் தண்ணீர் ஊற்றுவார்கள். சில மாதங்களில் இலை நுனிகள் கருகத் தொடங்கும். அடுத்த வசந்தம் வருவதற்குள் செடி நின்ற நிலையிலேயே காய்ந்துவிடும். வாராட்டா வீட்டுத் தோட்டத்துக்குச் சரிப்படாது என்ற பேச்சு இப்படித்தான் நிலைத்துப் போனது.

அதே வாராட்டா, நகரத்தின் தெற்கு விளிம்பில் இருக்கும் ராயல் தேசியப் பூங்காவிலும், வடக்கே கு-ரிங்-காய் சேஸ் பூங்காவிலும், மேற்கே நீலமலைகளிலும் தானாக வளர்கிறது. அங்கே எரு போட ஆள் இல்லை. கோடையில் தண்ணீர் ஊற்றவும் யாரும் இல்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை காட்டுத்தீ வந்து தரைமட்டமாக எரித்துவிட்டுப் போனாலும், அடியிலிருந்து துளிர்த்து முன்பைவிட அதிகமாகப் பூக்கிறது. இவ்வளவு தாங்குகிற செடி, நம் கவனிப்பில் மட்டும் ஏன் சாகிறது? அந்தக் காட்டு நிலம் அதை எப்படிப் பழக்கி வைத்திருக்கிறது என்பதில்தான் பதில் இருக்கிறது. அது பிடிபட்டுவிட்டால் எருவைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் கத்தரிப்பதைப் பற்றியும் தனித்தனியாக விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

செடி என்ன செடி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தாவரவியலில் இதன் பெயர் டெலோபியா ஸ்பெசியோசிசிமா. வாராட்டா என்பது சிட்னி வட்டாரப் பூர்வகுடி மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர். அந்த மக்கள் பூவின் தேனை உறிஞ்சிக் குடித்து வந்தார்கள். ஐரோப்பியர்களில் இதை முதலில் முறையாக விவரித்தவர் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித், 1793-இல். அவர் இதை வேறொரு பேரினத்தில் சேர்த்திருந்தார். 1810-இல் ராபர்ட் பிரவுன்தான் டெலோபியா என்று தனிப் பேரினமாகப் பிரித்தார். 1962-இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் அதிகாரப்பூர்வ மலரானது. நாட்டுக்கே தேசிய மலராக வர வேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலர் வாதாடினார்கள். சிட்னி தொழில்நுட்ப அருங்காட்சியகத்தின் ஆர். டி. பேக்கர் அவர்களில் முக்கியமானவர். கடைசியில் அந்த இடம் தங்க வாட்டில் என்ற மஞ்சள் பூவுக்குப் போனது, அதுவும் 1988-இல்தான் அதிகாரப்பூர்வமாக.

புரோட்டியேசி என்ற குடும்பத்தைச் சேர்ந்தது வாராட்டா. பெயர் புதிதாக இருந்தாலும் இந்தக் குடும்பம் நமக்குப் புதிதல்ல. நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே நிழலுக்காக வரிசையாக நிற்கிறதே சில்வர் ஓக், அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், வாராட்டாவுக்கு உறவு. மக்கடேமியா கொட்டையும் இதே குடும்பம்தான்.

ஒரு பூ என்று நாம் பார்ப்பது உண்மையில் ஒரு பூங்கொத்து. நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் பூக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டு ஒரு குவிமாடம் போல நிற்கும். அடியில் சுற்றிலும் சிவப்பு இதழ்கள் மாதிரி இருப்பவை பூவடிச் செதில்கள். ஒவ்வொரு சின்னப் பூவும் விரியும் முன்பே தன் மகரந்தத்தைச் சூல்தண்டின் நுனியில் தடவி வைத்துவிடும். விரிந்ததும் அந்தத் தண்டு வெளியே நீண்டு நிற்கும். தேன் குடிக்க வரும் பறவையின் நெற்றியில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். சிவப்பு நிறம் தேனீக்களுக்குச் சரியாகப் புலப்படாது, பறவைகளுக்கு நன்றாகத் தெரியும். பூவும் பறவைக்கு ஏற்ற பூதான்: காம்பு கெட்டியாக இருப்பதால் உட்கார்ந்து குடிக்கலாம், தேனும் தாராளம். நியூ ஹாலந்து ஹனிஈட்டர், வாட்டில்பேர்ட் போன்ற பறவைகள் வசந்தம் முழுக்க இதைச் சுற்றியே இருக்கும்.

சரி, மண்ணுக்கு வருவோம். எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சிட்னியைச் சுற்றி வாராட்டா வளரும் இடங்கள் பெரும்பாலும் ஹாக்ஸ்பரி மணற்பாறை மேல் இருக்கின்றன. இருபது கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது அந்தப் பாறை, பெரும்பகுதி குவார்ட்ஸ் மணல். அது உதிர்ந்து உண்டாகும் மண்ணில் செடிக்குச் சத்து என்று சொல்ல அதிகம் இல்லை. குறிப்பாகப் பாஸ்பரஸ் மிக மிகக் குறைவு. மற்றக் கண்டங்களில் எரிமலைச் சாம்பலும் பனியாறுகள் அரைத்த பாறைத்தூளும் மண்ணைப் புதுப்பித்தபடி இருந்தன. ஆஸ்திரேலியாவின் பெரும்பகுதிக்கு அந்த வாய்ப்பு நீண்ட காலமாகக் கிடைக்கவில்லை. இருந்த கொஞ்ச பாஸ்பரஸும் இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து, செடியின் வேருக்கு எட்டாமல் கிடக்கிறது.

அந்த மண்ணில் வாழப் புரோட்டியேசிக் குடும்பம் கண்டுபிடித்த வழி வியப்பானது. மண்ணின் மேல் அடுக்கில், மட்கும் இலைகளுக்கு அடியில், மெல்லிய குட்டி வேர்களைக் கொத்துக் கொத்தாக விடுகின்றன. 1960-இல் ஹெலன் பர்னெல் என்ற ஆஸ்திரேலியத் தாவரவியலாளர் இவற்றை ஆராய்ந்து புரோட்டியாய்டு வேர்கள் என்று பெயரிட்டார். இப்போது கொத்து வேர்கள் என்றும் சொல்கிறார்கள். இவை சிட்ரிக் அமிலம், மாலிக் அமிலம் போன்றவற்றின் உப்புகளைச் சுற்றியுள்ள மண்ணில் சுரக்கும். அவை இரும்பின் பிடியிலிருந்து பாஸ்பரஸை விடுவிக்கும். வேர் உடனே உறிஞ்சிக்கொள்ளும். பெரும்பாலான தாவரங்கள் பூஞ்சைகளோடு கூட்டு வைத்துப் பாஸ்பரஸ் தேடுகின்றன. இந்தக் குடும்பம் அந்தக் கூட்டு இல்லாமலேயே தன் காரியத்தைப் பார்த்துக்கொள்கிறது.

இந்தத் திறமையிலேயே ஆபத்தும் இருக்கிறது. போதும் என்ற அளவு வந்ததும் உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளப் பொதுவாகச் செடிகளுக்குத் தெரியும். கோடிக்கணக்கான ஆண்டுகள் பற்றாக்குறையிலேயே வாழ்ந்த இந்தக் குடும்பத்தின் பல இனங்களில் அந்தக் கட்டுப்பாடு பலவீனமாகிவிட்டது. மண்ணில் பாஸ்பரஸ் கொட்டிக் கிடந்தால் வேர்கள் இழுத்துக்கொண்டே இருக்கும், இலைகளில் அது சேர்ந்துகொண்டே போகும். முதலில் இளம் இலைகள் வெளிறும், நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்கும். சத்துக் குறைவு என்று நினைத்து நாம் இன்னும் கொஞ்சம் எரு போடுவோம். பிறகு இலை ஓரங்களும் நுனிகளும் கருகும். அத்தோடு சரி.

எனவே கோழி எருவும் எலும்புத்தூளும் வாராட்டாவின் பக்கமே வரக்கூடாது. எலும்பு என்பதே பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட். ஆஸ்திரேலியக் கடைகளில் எல்லா உரப் பைகளிலும் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றின் விகிதமும் அச்சிட்டிருக்கும். நடுவில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அது ஒன்றுக்குக் கீழே இருந்தால் வாங்கலாம். உள்நாட்டுத் தாவரங்களுக்கு என்று எழுதியிருக்கும் மெதுவாகக் கரையும் உரங்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பூத்து முடிந்ததும் வருடத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகப் போட்டால் போதும். செடியைப் பட்டினி போட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். நைட்ரஜன் கொடுத்தால் வாராட்டா நன்றாகவே துளிர் விடும்.

நேரடியாகப் போடும் உரத்தைவிட, ஏற்கெனவே மண்ணில் இருப்பதுதான் அதிகம் ஏமாற்றும். பாஸ்பரஸ் மண்ணில் எளிதில் கரைந்து ஓடுவதில்லை, அதிலும் களிமண்ணில் பல ஆண்டுகள் தங்கும். முன்பு காய்கறிப் பாத்தி இருந்த இடம், கோழிக்கூண்டு வைத்திருந்த மூலை, புல்வெளிக்குப் போட்ட உரம் மழையில் வழிந்து வந்து சேரும் பள்ளம் இதெல்லாம் வேண்டாம். துணி துவைத்த தண்ணீரைத் தோட்டத்துக்கு விடுகிறவர்கள் வாராட்டாவை அந்தப் பாதையிலிருந்து தள்ளி வைப்பது நல்லது. சில சலவைத்தூள்களில் பாஸ்பேட் இருக்கும்.

அடுத்தது தண்ணீர். மணற்பாறை மேல் உள்ள மண்ணில் எவ்வளவு பெருமழை பெய்தாலும் தண்ணீர் இறங்கிவிடும். வேருக்கு ஈரமும் கிடைக்கும், காற்றும் கிடைக்கும். வாராட்டா வேர் இரண்டையும் எதிர்பார்க்கிறது. தண்ணீர் தேங்கினால் மூச்சடைப்பது ஒருபுறம் இருக்க, ஃபைட்டோப்தோரா சின்னமோமி என்ற நுண்ணுயிர் அந்த ஈரத்தில் நீந்தி வந்து வேரை அழுக வைக்கும். ஆஸ்திரேலியக் காடுகளையே பல இடங்களில் சாய்த்திருக்கும் நோய் அது. வேர் அழுகிய செடி மேலே வாடித் தெரியும். தண்ணீர் போதவில்லை என்று நாம் மேலும் ஊற்றுவோம். வாராட்டா வளர்ப்பில் மனதுக்குச் சங்கடமான விஷயம் இதுதான்: அது காட்டும் அறிகுறிகள் பெரும்பாலும் நம்மைத் தவறான பக்கமே தள்ளுகின்றன.

சிட்னியில் தமிழர்கள் அதிகம் வாழும் டூங்காபி, வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இவையெல்லாம் கம்பர்லேண்ட் சமவெளியில் இருப்பவை. இங்கே மணற்பாறை கீழே போய்விட்டது. மேலே இருப்பது வயனமட்டா ஷேல் எனப்படும் களிப்பாறை. அது தரும் மண் கனத்த களிமண். மழைக்காலத்தில் பிசுபிசுக்கும், கோடையில் வெடிக்கும். ஹார்ன்ஸ்பி பக்கத்தில் மணற்பாறைச் சரிவில் வீடு உள்ளவருக்கு எளிதாக வரும் வாராட்டா, அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் இன்னொருவருக்குத் திரும்பத் திரும்பச் சாவதற்கு இதுவே பெரிய காரணம். தோட்டக்காரரின் கைராசியை இதில் குறை சொல்லக்கூடாது.

களிமண்ணில் ஆழமாகக் குழி தோண்டி உள்ளே மட்டும் நல்ல மணல்மண்ணை நிரப்புவதை நிறையப் பேர் செய்கிறார்கள். அடியில் ஓட்டையில்லாத தொட்டியில் செடி வைப்பதும் இதுவும் ஒன்றுதான். சுற்றிலும் உள்ள தண்ணீரெல்லாம் அந்தக் குழிக்குள் வந்து நிற்கும். தரைக்கு மேலே மேடு கட்டுவதுதான் வழி. முப்பது முதல் ஐம்பது சென்டிமீட்டர் உயரத்துக்கு, ஒன்றரை மீட்டராவது அகலமாக, மணல் கலந்த மண்ணால் ஒரு திட்டு அமைத்து அதன் மேல் நட வேண்டும். கல் வைத்துக் கட்டினாலும் சரி, சும்மா குவித்தாலும் சரி. மண் வாங்கும்போது காய்கறித் தோட்டக் கலவை வேண்டாம், அதில் கோழி எரு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் மண் எப்படி என்று தெரியாவிட்டால் ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிட்டால் நேராகத் தரையிலேயே நடலாம். மறுநாளும் நின்றால் மேடுதான்.

நடுவதற்கு நல்ல காலம் இலையுதிர் காலம், அங்கே மார்ச் முதல் மே வரை. மண் இன்னும் சூடாக இருக்கும், வெயில் தணிந்திருக்கும். அடுத்த கோடைக்குள் வேர் பிடித்துக்கொள்ளும். தொட்டியிலிருந்து எடுக்கும்போது வேர்க்கட்டியை உதிர்க்காமல் அப்படியே வையுங்கள். சுற்றிலும் ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் தடிமனுக்கு மரச்சில்லோ காய்ந்த இலையோ மூடாக்குப் போடுங்கள், தண்டைத் தொடாமல். மூடாக்கைச் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. கொத்து வேர்கள் மண்ணின் மேல் அடுக்கிலேயே இருப்பதால் வெயில் நேரடியாக அவற்றைச் சுடும். மேற்குச் சிட்னிக் கோடை விளையாட்டல்ல. 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி செல்சியஸ் பதிவானது. எனவே அந்தப் பகுதியில் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இடமாகப் பார்ப்பது நல்லது. அதே காரணத்துக்காக, செடியைச் சுற்றிக் களைக்கொட்டு போட்டுக் கொத்தாதீர்கள். களையைக் கையால் பிடுங்கினால் போதும். முதல் இரண்டு கோடைகளுக்கு வாரம் ஒன்றிரண்டு முறை ஆழமாகத் தண்ணீர் விட வேண்டும். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட அதுவே மேல்.

இனி தீ. இதை விட்டுவிட்டு வாராட்டாவைப் புரிந்துகொள்ளவே முடியாது.

செடியின் அடியில், மண் மட்டத்திலும் அதற்குக் கீழும், கட்டையான ஒரு புடைப்பு இருக்கும். லிக்னோட்யூபர் என்பார்கள். தூங்கும் மொட்டுகளும் சேமித்த மாவுச்சத்தும் அதற்குள் இருக்கும். தீயில் மேல்பகுதி முழுக்க எரிந்தாலும் இந்த அடிக்கட்டை தப்பிவிடும். சில வாரங்களிலோ மாதங்களிலோ அதிலிருந்து நேரான புதுத் தண்டுகள் பல கிளம்பும். தீக்குப் பின் இரண்டாவது, மூன்றாவது வசந்தங்களில் அந்தத் தண்டுகளின் உச்சியில் பூக்கள் குவியும். பிறகு ஆண்டுகள் போகப் போகப் பூப்பது குறைந்துகொண்டே வரும். 2019–20 கோடையில் நீலமலைகளை எரித்த பெருந்தீக்குப் பிறகும் கருகிய மரங்களுக்கு நடுவே வாராட்டா இப்படித்தான் திரும்ப வந்தது.

ஏன் தீயை ஒட்டிப் பூக்க வேண்டும்? வாராட்டா, இதே குடும்பத்தைச் சேர்ந்த பேங்க்சியா மாதிரி விதைகளைக் காய்க்குள் பூட்டி ஆண்டுக்கணக்கில் மரத்தில் வைத்திருப்பதில்லை. மண்ணில் பல ஆண்டு உறங்கும் விதையும் அதற்கு இல்லை. எரிந்து வெட்டவெளியான நிலத்தில், சாம்பல் சத்தும் வெளிச்சமும் இருக்கும் அந்தச் சில ஆண்டுகளுக்குள் பூத்து, காய்த்து, இறக்கை முளைத்த விதைகளை உதிர்த்தால்தான் குட்டிச் செடிகளுக்குப் பிழைக்க இடம் கிடைக்கும். மொத்தச் சேமிப்பையும் அந்தச் சில வசந்தங்களில் செலவழிப்பது அதனால்தான்.

தோட்டத்தில் தீ வைக்க முடியாது. அந்த வேலையைக் கத்தரிக்கோல் செய்யும். பூத்து முடிந்த உடனே, அக்டோபர் கடைசி அல்லது நவம்பருக்குள், பூத்த தண்டுகளைப் பாதி உயரத்துக்கோ அதற்கும் கீழேயோ வெட்டிவிட வேண்டும். பயப்படாமல் வெட்டுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று தளிர்கள் கிளம்பும், அடுத்த ஆண்டு ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு பூ வரலாம். வெட்டாமல் விட்டால் செடி ஒல்லியாக மூன்று, நான்கு மீட்டர் உயரத்துக்குப் போய், எட்டாத இடத்தில் ஒன்றிரண்டு பூக்களை மட்டும் தரும். தேதி முக்கியம். அடுத்த ஆண்டுப் பூவுக்கான மொட்டு கோடையிலேயே தளிர் நுனியில் உருவாகத் தொடங்கிவிடுகிறது. குளிர்காலத்தில் செடியை அழகுபடுத்துகிறேன் என்று வெட்டுகிறவர், தெரியாமல் அந்த வருடப் பூ முழுவதையும் வெட்டிப் போடுகிறார். வயதாகிக் குச்சியும் கொம்புமாய் நிற்கும் செடியை ஒரேயடியாகத் தரைக்கு அருகில் வெட்டிவிடலாம். அடிக்கட்டை நலமாக இருந்தால் தீக்குப் பின் செய்வதையே செய்யும். ஓராண்டோ இரண்டாண்டோ பூ இருக்காது, அவ்வளவுதான். பூ வேண்டும் என்பதற்காகப் பறிப்பதும் இந்தக் கணக்கில் நல்ல வேலையே: நீளமான காம்போடு வெட்டி ஜாடியில் வையுங்கள், செடிக்கும் கத்தரித்தது போல ஆகும்.

காட்டில் மட்டும் அதைச் செய்யக்கூடாது. ஒரு காலத்தில் சிட்னித் தெருக்களில் காட்டு வாராட்டாவைக் கட்டுக் கட்டாக விற்றார்கள். 1927-இல் நியூ சவுத் வேல்ஸ் காட்டுப்பூக்களைப் பாதுகாக்கச் சட்டம் கொண்டுவந்தது. இன்று கடைகளில் விற்கும் பூக்கள் பண்ணைகளில் வளர்ந்தவை. நியூசிலாந்திலும் இஸ்ரேலிலும்கூட விற்பனைக்காக இதைப் பயிர் செய்திருக்கிறார்கள்.

எந்த ரகம் வாங்குவது என்பதற்கும் நிலமே வழி சொல்லும். டெலோபியாவில் மொத்தம் ஐந்து இனங்கள். சிட்னி வாராட்டா தவிர, விக்டோரியாவின் கிழக்கு கிப்ஸ்லேண்டில் ஈரமான உயர்ந்த காடுகளில் வளரும் ஓரியாடிஸ், பிரெய்ட்வுட் பக்கத்துக் குளிர் மலைகளின் மோங்காயென்சிஸ், வடக்கே கிப்ரால்டர் மலைத்தொடரின் ஆஸ்பெரா, டாஸ்மேனியாவின் ட்ரன்காட்டா. ஓரியாடிஸோடு சிட்னி வாராட்டாவைக் கலந்து வந்தது ஷேடி லேடி என்ற ரகம். பூ சற்றுச் சிறியது, செதில்களும் அவ்வளவு எடுப்பாக இருக்காது. ஆனால் நிழலையும் கொஞ்சம் கனமான மண்ணையும் பொறுத்துக்கொள்ளும், ஏனென்றால் அதன் ஒரு பெற்றோர் காட்டு நிழலில் வளர்ந்தது. பிரெய்ட்வுட் பிரில்லியன்ட் மோங்காயென்சிஸின் குளிர் தாங்கும் குணத்தைப் பெற்றது. கான்பெரா போன்ற உறைபனி ஊர்களுக்கு அதுவே ஏற்றது. விர்ரிம்பிர்ரா ஒயிட் வெள்ளைப் பூ தரும், ஆனால் சிவப்பை விட்டுவிட்டு வெள்ளையைத் தேடுவானேன் என்பது என் கட்சி. களிமண்ணில் முதன்முறையாக முயல்கிறவருக்கு ஷேடி லேடியைத்தான் சொல்வேன். மணற்பாறை மேல் வீடு கிடைத்தவர் கலப்பில்லாத சிட்னி வாராட்டாவையே வைக்க வேண்டும். அந்தப் பெரிய பூவுக்கு ஈடாக வேறெதுவும் இல்லை.

பூச்சித் தொல்லை பெரிதாக இல்லை. மக்கடேமியாவைத் தாக்கும் ஒரு கிளைத்துளைப்பான் புழு இதையும் தாக்கும், மொட்டுக்குள் துளைக்கும் புழுக்களும் உண்டு. கழிவுத்தூளும் வலையும் தெரிந்தால் அந்தத் தண்டை வெட்டி எறிந்துவிடுங்கள்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம், பொறுமை வேண்டும். விதை சில வாரங்களில் முளைத்துவிடும், ஆனால் முதல் பூவுக்குப் பெரும்பாலும் ஐந்து ஆண்டுகள்கூட ஆகலாம். பூவும் தாயைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. பெயர் வைத்த ரகங்களெல்லாம் தண்டுக்குச்சி வைத்து வளர்த்தவை, அதனால் சீக்கிரம் பூக்கும், குணமும் மாறாது. தோட்டத்திலேயே காய் பிடிக்க வேண்டும் என்றால் ஒரே ரகத்தில் இரண்டு செடி வைத்துப் பயனில்லை. தன் மகரந்தத்தால் வாராட்டா பெரும்பாலும் காய்ப்பதில்லை, வேறு செடியின் மகரந்தம் வர வேண்டும்.

வாங்கும் நேரத்தைப் பற்றி ஒன்று. செப்டம்பரில் பூவோடு நிற்கும் செடி, வளரும் சக்தியையெல்லாம் பூவில் போட்டுவிட்டு, வேர் பிடிக்க அவகாசமில்லாமல் நேராகக் கோடைக்குள் போகிறது. செப்டம்பரில் போய்ப் பூவைப் பார்த்து ரகத்தின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் அதே நர்சரிக்குப் போனால், ஒரு மூலையில், பூவில்லாமல், அநேகமாகக் குறைந்த விலைக்கு அந்த ரகம் நிற்கும். தொட்டியின் அடி ஓட்டைகளில் வேர் சுற்றிச் சுற்றித் தடித்து வெளியே வந்திருந்தால் அதை விட்டுவிட்டு, கீழிருந்தே இரண்டு மூன்று தண்டுகள் கிளம்பியிருக்கும் செடியாகப் பார்த்து எடுங்கள்.